சாயம் போகும்

ஷஅபான் மாதத்தின் பிற்பகுதியில் ஒரு நாள், அஸர் தொழுகை முடிந்து மேற்குத் தாம்பரத்தில் எங்கள் பள்ளிவாசலின் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தேன். முன்னொரு காலத்தில் என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் எதிரே வந்து ஸலாம் சொன்னார். இப்போது அவருக்கு முப்பது வயதிருக்கும். பொறியியல் படித்து, நிறுவனமொன்றில் சில ஆண்டுகள் பணியாற்றி, பின்பு அதை விட்டுவிட்டுக் கைப்பேசி வழியாகத் துணி விற்கும் தொழிலைத் தொடங்கியிருந்தார். கையில் ஓர் அட்டைப்பெட்டி. பழுப்பு நிறப் பெட்டி. அதன்மேல் சணல் கயிறு. கயிற்றில் அரக்கு முத்திரை போன்ற ஒரு சிவப்பு வட்டம்.

திறந்து காட்டினார். உள்ளே கட்டம் போட்ட ஒரு கைலி. அதன்மேல், வேண்டுமென்றே மஞ்சளேற்றப்பட்ட ஒரு சீட்டு. அதில், "தாத்தாவின் பெட்டியிலிருந்து" என்று பழைய அச்சு எழுத்தில் அச்சிட்டிருந்தது. விலை ஆயிரத்து நானூற்றைம்பது ரூபாய்.

"ஹஜ்ரத், உங்களிடம் ஓர் உதவி கேட்கத்தான் வந்தேன். உங்கள் அத்தாவுடைய போட்டோ ஒன்றை உங்கள் வீட்டுச் சுவரில் பார்த்திருக்கிறேன். தோளில் கைலி மூட்டையோடு நிற்பார்களே, அந்தப் படம். அதைக் கொடுத்தீர்களென்றால் பெட்டியின் மேல்மூடியில் போட்டுக்கொள்வேன். நீங்களே நாலு வரி எழுதிக் கொடுத்தால் இன்னும் நன்றாக இருக்கும். பெருநாள் வியாபாரத்துக்கு உதவும்" என்றார்.

நல்ல பிள்ளை. கேட்டதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. ஆயினும் என்னால் உடனே பதில் சொல்ல இயலவில்லை. "நாளைக்குச் சொல்கிறேன், தம்பி" என்று கூறி வீட்டுக்கு வந்தேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை. அந்தப் படத்தையும் அந்தப் பெட்டியையும் மனத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது எழுந்த எண்ணங்களையே இங்கே வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

எங்கள் அத்தா குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடித் தாம்பரத்துக்கு வந்தவர்கள். கடை வைக்க முதல் இல்லை. ஊர்ப்பக்கத்து நெசவாளர்களிடமிருந்தும், சென்னை கோடவுன் தெரு மொத்தக் கடைகளிலிருந்தும் கைலிகளை எடுத்து வந்து, மூட்டையாகக் கட்டித் தோளில் சுமந்து, தெருத் தெருவாக விற்றார்கள். சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், பெருங்களத்தூர், வண்டலூர், முடிச்சூர் என்று ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வழி உண்டு. குரோம்பேட்டைக்கு அப்பெயரைத் தந்த குரோம் தோல் தொழிற்சாலையைச் சுற்றியிருந்த உழைப்பாளிகளும், பல்லாவரத்துத் தோல்மண்டிக்காரர்களும் அத்தாவின் நிலையான வாடிக்கையாளர்கள். வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தை. சந்தை சூடுபிடிக்கும் நேரம் முற்பகல். ஆனால் பதினொரு மணிக்கு அத்தா மூட்டையைக் கட்டிவிடுவார்கள். ஜும்ஆவுக்கு அழைக்கப்பட்டால் வியாபாரத்தை விட்டுவிட்டு விரையுமாறு இறைவன் இட்ட கட்டளைக்கு அவர்கள் வேறு விளக்கம் தேடியதில்லை.

அத்தா படிப்பறிவு மிகுந்தவர்களல்லர். ஆனால் துணியறிவு மிகுந்தவர்கள். கைலியை விரித்து உள்புறத்தைத் திருப்பிக் காட்டுவார்கள். அச்சிட்ட கட்டமென்றால் பின்புறம் மங்கியிருக்கும். நூலிலேயே சாயமேற்றிப் பாவிலும் ஊடையிலும் கோத்து நெய்த கட்டத்துக்கு முன்புறம் பின்புறம் என்ற வேற்றுமையே இல்லை. "ரெண்டு பக்கமும் ஒரே முகம், மனுசனும் அப்படித்தான் இருக்கணும்" என்பார்கள். பிறகு விலை சொல்வதற்கு முன்பாகவே ஒரு வாக்கியம் வரும்: "சாயம் போகும். முதல் மூணு சலவைக்குத் தனியா நனைங்க."

சிறுவனாக இருந்த எனக்கு அந்த வாக்கியம் பிடிக்காது. அதைக் கேட்டதும் கைலியை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனவர்களை நான் எண்ணியிருக்கிறேன். "கேட்டால் சொன்னால் போதாதா, அத்தா?" என்று ஒரு முறை கேட்டேன். "கேட்ட பிறகு சொன்னால் அது பதில், கேட்கும் முன்னே சொன்னால்தான் அது நாணயம்" என்றார்கள்.

பின்னாளில் வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் ஓதப்போனபோது, அத்தா வாழ்ந்து காட்டியதைக் கிதாபுகளில் கண்டேன். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனத்துக் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்துவிட்டதென்று வியாபாரி கூறினார். மக்கள் காணும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்ட பெருமானார், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களோ கூஃபா நகரில் துணி வியாபாரமே செய்தவர்கள். குறையுள்ள ஓர் ஆடையைச் சுட்டி, விற்கும்போது அக்குறையைச் சொல்லிவிடுமாறு தம் கூட்டாளியிடம் கூறியிருந்தார்கள். அவர் மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. இமாமவர்கள் அச்சரக்கின் விலை முழுவதையும் தருமம் செய்துவிட்டார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். ஹிஜ்ரி 150-இல், அதாவது கி.பி. 767-இல், மறைந்த அப்பெருமகனாரின் ஃபிக்ஹை நாம் மத்ரஸாக்களில் ஓதுகிறோம். அவர்களுடைய கடையை எத்தனை பேர் ஓதுகிறோம்?

இந்நினைவுகளோடு இன்னொரு பெட்டியின் நினைவும் வந்தது.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, ஒரு வார இதழில் வண்ண விளம்பரம் ஒன்று வந்தது. வடநாட்டு நிறுவனம். பெண்பிள்ளைகளுக்கான உடுப்பு, விலையை அஞ்சல்காரரிடம் கொடுத்தால் போதும். வி.பி.பி. என்னும் அம்முறை இந்திய அஞ்சல் துறையில் 1877-லேயே தொடங்கியது. கடையே இல்லாத சிற்றூர்வரை புத்தகமும் மருந்தும் கடிகாரமும் துணியும் அதன் வழியாகவே சென்றன. என் தங்கை அந்தப் படத்தைக் கத்தரித்துக் குர்ஆன் ஷரீஃப் வைக்கும் பலகைக்கருகே ஒட்டி வைத்திருந்தாள். அத்தா தம் தோளில் துணி சுமப்பவர்கள். என்றாலும் மகளுக்காக அஞ்சலில் துணி வரவழைத்தார்கள். பெருநாளுக்கு ஆறு நாள் முன்பு பெட்டி வந்தது. பணத்தைக் கொடுத்த பின்புதான் பெட்டியைத் திறக்கலாம், அதுவே சட்டம். திறந்தோம். படத்தில் மின்னிய பட்டுச்சரிகை, நேரில் மெல்லிய துணியின்மேல் பூசிய மஞ்சள் மையாக இருந்தது. அளவும் சிறியது. மூன்று கடிதம் எழுதினோம், பதில் வரவில்லை. தங்கை அழுதாள். அத்தா அந்தத் துணியைத் திருப்பி உள்புறம் பார்த்தார்கள், மடித்து வைத்தார்கள். "படத்தைப் பார்த்து வாங்கினோம், படத்துக்குத்தான் காசு கொடுத்திருக்கிறோம்" என்று மட்டும் சொன்னார்கள்.

கண்ணால் காணாத பொருளை வாங்குவது பற்றி நம் இமாம்கள் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன்பே நுணுகி ஆராய்ந்திருக்கிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபின் பிந்திய தீர்ப்புப்படி காணாத பொருளின் விற்பனை செல்லாது. பொருளின் இனம், தரம், அளவு, தரும் நாள் யாவற்றையும் ஐயமற வரையறுத்து, விலையை முன்னதாகவே கொடுத்துச் செய்யும் 'ஸலம்' என்னும் ஒப்பந்தத்துக்கு மட்டும் வழியுண்டு. ஹனஃபீ மத்ஹபில் விற்பனை செல்லும். ஆனால் வாங்கியவருக்கு 'கியாருர் ருஃயா', அதாவது பார்த்தபின் தீர்மானிக்கும் உரிமை உண்டு. பார்த்து மனம் ஒப்பினால் வைத்துக்கொள்ளலாம், ஒப்பாவிட்டால் திருப்பிவிடலாம். பொருளில் குறையிருந்தால் திருப்பும் உரிமையோ எல்லாருக்கும் பொது. அன்று எங்கள் வீட்டுக்கு வந்த பெட்டியில் இந்த உரிமைகளில் ஒன்றுகூட நடைமுறையில் இல்லை. நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள், குறையுள்ள பொருளையும் விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையும் திரும்பப் பெற மறுக்கலாகாது என்று விற்பவரைக் கட்டுப்படுத்துகின்றன. இமாம்கள் கண்ட நியாயத்துக்குச் சட்டம் மெல்ல நடந்து வந்து சேர்ந்திருக்கிறது.

அஞ்சல்வழி வியாபாரத்தின் வரலாறு சுவையானது. அமெரிக்காவில் மாண்ட்கோமரி வார்டு என்பவர் 1872-இல் ஒற்றைத் தாளில் தம் விலைப்பட்டியலை வெளியிட்டார். பின்னர் வந்த சியர்ஸ் நிறுவனத்தின் பட்டியல், பண்ணை வீடுகளில் வேதநூலுக்கு அடுத்தபடியாக இருக்கும் தடித்த நூலாக வளர்ந்தது. நம் சென்னையிலும் மவுண்ட் ரோட்டில் ஒயிட்அவே லெய்ட்லா என்ற ஆங்கிலேயர் கடை இருந்தது. மாவட்டங்களில் பணிபுரிந்த வெள்ளையர்கள் அதன் பட்டியலைப் பார்த்து அஞ்சலில் உடை வரவழைத்தார்கள். கடன் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. பின்னாளில் அக்கட்டடம் சுதேசமித்திரன் நாளிதழுக்குச் சொந்தமாகி 'விக்டரி ஹவுஸ்' ஆயிற்று. அதன்பின் தவணை முறை விற்பனைக்குப் பெயர் பெற்ற வி.ஜி.பி. நிறுவனத்தாரிடம் வந்தது. ரொக்கத்துக்கே விற்ற வீடு தவணைக்கு விற்கும் வீடானது. கட்டடங்களுக்கும் ஊழ் உண்டு போலும்!

சியர்ஸ் நிறுவனத்தின் 1897-ஆம் ஆண்டுப் பட்டியலில் நம் மதராஸ் துணியில் தைத்த சட்டையும் விலைக்கு இருந்தது. வியப்பு அதுவன்று. அந்தப் பட்டியலையே 1968-இல் மீண்டும் அச்சிட்டார்கள். மக்கள் அதைக் காசு கொடுத்து வாங்கிப் படித்தார்கள். பட்டியலிலிருந்த பொருள்களை இனி வாங்க இயலாது; ஆனால் அவற்றை வாங்கக்கூடிய காலம் ஒன்று இருந்தது என்ற ஏக்கத்தை வாங்கலாம்! சரக்கை விற்க வந்த பட்டியலே சரக்காகிவிட்டது. சியர்ஸ் தன் பெரும் பட்டியலை 1993-இல் நிறுத்திவிட்டது. ஏக்கத்தை விற்கும் கலையோ நிற்கவில்லை. 1987-இல் தொடங்கிய ஜே. பீட்டர்மன் என்ற நிறுவனம், தன் பட்டியலில் புகைப்படத்தை விலக்கி, ஓவியம் தீட்டி, ஒவ்வோர் உடைக்கும் ஒரு சிறுகதை எழுதியது. 1978-இல் தொடங்கிய பனானா ரிபப்ளிக் நிறுவனமும் வேட்டைக்காரர், பயணிகளின் உடைகளைக் கதையோடுதான் விற்றது. கதைகளில் வெள்ளைத் துரைமாரின் பழைய உலகம் அழகாகத் தெரியும். அவ்வுலகில் பெட்டி சுமந்தவர் யார், விசிறி இழுத்தவர் யார் என்பது மட்டும் தெரியாது.

நம் துணியின் கதைக்கு வருவோம். பழவேற்காட்டின் பெயரால் 'பாளையக்காட்' கைலி. சென்னையின் பெயரால் 'மதராஸ் கைக்குட்டை'. கைக்குட்டை என்பது பெயர்தான். ஒரு கெஜச் சதுரம் அது. நம் சோழமண்டலக் கரையின் மரக்காயர்கள் கட்டத்துணிகளை மலாக்காவுக்கும் அச்சைக்கும் கொண்டு சென்றார்கள். ஆப்பிரிக்காவின் நைஜீரியாவில் களபரி மக்கள் இத்துணியை 'இஞ்ஜிரி' என்றழைத்து, பிறப்பிலும் இறப்பிலும் குடும்பச் செல்வமாகப் போற்றுகிறார்கள். அவர்களுக்கு அதை யாரும் விளம்பரம் செய்து கற்பிக்கவில்லை.

1958-இல் ஜேக்கப்ஸன் என்ற அமெரிக்க இறக்குமதியாளர் இந்தியாவுக்கு வந்து, கேப்டன் கிருஷ்ணன் என்ற ஏற்றுமதியாளரிடம் கெஜம் ஒரு டாலர் வீதம் பத்தாயிரம் கெஜம் கட்டத்துணி வாங்கினார். குளிர்ந்த நீரில் மெதுவாகத் துவைக்க வேண்டும், இல்லையேல் சாயம் கரையும் என்று கிருஷ்ணன் எச்சரித்தார். அந்த எச்சரிக்கை நியூயார்க்குக் கடையை எட்டவில்லை. புரூக்ஸ் பிரதர்ஸ் என்ற புகழ்பெற்ற கடை அத்துணியில் உடை தைத்து விற்றது. வாங்கியவர்கள் மற்ற உடைகளோடு சேர்த்துத் துவைத்தார்கள். எல்லாம் நிறம் மாறிப்போயிற்று. புகார்கள் குவிந்தன, வழக்கறிஞர்கள் வந்தார்கள். அப்போது விளம்பர அறிவு படைத்தவர்களுக்கு ஒரு வழி தோன்றியது. குறையையே நிறையாக்கினார்கள். ஒவ்வொரு சலவையிலும் புது நிறம் காட்டும் கைத்தறி அற்புதம் இது என்று பத்திரிகையில் எழுதினார்கள், "சாயம் போகும், உத்தரவாதம்!" என்ற பொருளில் விளம்பரம் செய்தார்கள். அமெரிக்கக் கல்லூரி இளைஞர்கள் போட்டியிட்டு வாங்கினார்கள். ஏற்றுமதியாளர் குடும்பத்தார் சொல்லிவரும் வரலாறு இது. அவ்விளைஞர்கள் முதியவர்களான பிறகு, அந்த மங்கிய கட்டத்துணி அவர்களுடைய கல்லூரிக் காலத்தின் நினைவுச் சின்னமாயிற்று. இன்றும் அவ்வேக்கத்தின் பெயரால் விற்பனையாகிறது. எங்கள் நகரத்தின் பெயர் 1996-இல் சென்னை ஆகிவிட்டது. அத்துணிக்கு மட்டும் மதராஸ் என்ற பெயர் நிலைத்திருக்கிறது.

இவ்வரலாற்றை முதலில் படித்தபோது என் கண் கலங்கியது. "சாயம் போகும்" என்ற ஒரே செய்திதான். நியூயார்க்கில் அது முதலில் மறைக்கப்பட்டதுபோல் ஆயிற்று. அப்போது அது பழி. பின்பு பெருமையாகப் பேசப்பட்டது. அப்போது அது பொன். தாம்பரத்துத் தெருவில் ஒருவர் அதை உள்ளதை உள்ளபடியே சொன்னார். அதனால் அவருக்குப் பழியுமில்லை, பொன்னுமில்லை. நான்கு பிள்ளைகளுக்குச் சோறு கிடைத்தது, அவ்வளவே.

ஏக்கம் என்பது இழிந்த உணர்ச்சியன்று. ஊர் நினைவால் வாடும் நிலைக்கு மேல்நாட்டார் வழங்கும் 'நாஸ்டால்ஜியா' என்ற சொல்லை 1688-இல் ஹோஃபர் என்ற சுவிட்சர்லாந்து மருத்துவ மாணவர் உருவாக்கினார். அவர் அதை நோய் என்றே கருதினார். அரபியில் 'ஹனீன்' என்பர். கன்றைப் பிரிந்த பெண் ஒட்டகத்தின் கனைப்பே அச்சொல்லின் மூலப்பொருள். அறியாமைக் காலத்து அரபுக் கவிஞர்கள் கைவிடப்பட்ட கூடாரத் தடங்களின்முன் நின்று அழுதுதான் கவிதையைத் தொடங்குவார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் சாய்ந்து நின்று உரையாற்றிய பேரீச்சந்தண்டு, அவர்களுக்குப் புதிய மிம்பர் அமைந்தபோது பிரிவாற்றாமல் ஒட்டகம்போல் கனைத்தது; பெருமானார் இறங்கி வந்து அதைத் தடவிக்கொடுத்து அமைதிப்படுத்தினார்கள் என்று ஹதீஸ்களில் ஓதுகிறோம். உயிரற்ற மரத்தின் ஏக்கத்தைக்கூட மதித்த மார்க்கம் இது.

ஆனால் அந்த மரம் ஏங்கியது, தான் உண்மையில் பெற்றிருந்த அருகாமைக்காக. விளம்பரம் நம்மை ஏங்கச் செய்வதோ, நாம் பெறாத ஒன்றுக்காக. அந்தப் பெட்டியை வாங்கப்போகும் இளைஞர்களில் எத்தனை பேருடைய தாத்தா கைலி மூட்டை சுமந்தார்? சுமந்திருந்தாலும், அன்று அது பெருமையாகவா இருந்தது?

இதைச் சொல்லும்போது என்னையே நான் மறைக்கலாகாது. உயர்நிலைப் பள்ளியில் படித்த காலம். மீட்டர் கேஜ் மின்சார ரயில் ஓடிய நாள்கள். ஒரு மாலை, தாம்பரம் நிலையத்தின் நடைமேடையில் வகுப்புத் தோழர்கள் நாலைந்து பேரோடு நின்றிருந்தேன். ரயிலிலிருந்து அத்தா இறங்கினார்கள். தோளில் மூட்டை, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்தார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சுவரிலிருந்த ரயில் நேர அட்டவணையைப் படிப்பதுபோல் நின்றேன். அத்தா அழைக்கவில்லை, எங்களைக் கடந்து படியேறிச் சென்றுவிட்டார்கள். அன்றிரவு அதுபற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

என் மாணவர் கேட்ட படம், அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின் எடுக்கப்பட்டது. புகைப்படக் கடைக்காரர் ஒருவர் கைலி வாங்கிக்கொண்டு, பாக்கிக்குப் பதிலாக எடுத்துக் கொடுத்த படம். அதில் அத்தா சிரிக்கவில்லை. அந்தத் தோளில் மூட்டை அழுத்திய இடத்தில் காய்ப்பேறியிருந்ததை அம்மா மட்டும் அறிவார்கள். மரணத்தின்போது குளிப்பாட்டிய நானும் அறிவேன்.

மறுநாள் மாணவர் வந்தார். "தம்பி, இந்தக் கைலி எங்கே நெய்தது?" என்று கேட்டேன். சற்றுத் தயங்கி, "ஈரோட்டுப் பக்கம், ஹஜ்ரத். விசைத்தறிதான். கைத்தறி என்று நான் எங்கும் எழுதவில்லையே" என்றார்.

"எழுதவில்லை. ஆனால் சணல் கயிறு சொல்கிறது. மஞ்சள் சீட்டு சொல்கிறது. என் அத்தாவின் படம் வந்தால் அதுவும் சொல்லும். ஈரம் உள்ளே இருக்க, மேலே காய்ந்த தானியத்தைப் பரப்புவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?" என்றேன்.

அவர் தலைகுனிந்தார், ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் வாதத்திலும் நியாயம் இருந்தது. "எல்லாரும் இப்படித்தானே விற்கிறார்கள், ஹஜ்ரத்? பெரிய பெரிய ஜவுளிக்கடைகளெல்லாம் இத்தனையாம் ஆண்டு முதல் என்று பலகையில் போட்டுக்கொள்கிறார்களே. பழைமையைச் சொன்னால்தான் ஜனங்கள் நம்புகிறார்கள். இந்தப் பழைமை ஆசையால் நெசவாளிக்கும் கொஞ்சம் பிழைப்பு நடக்கிறதல்லவா?" என்றார்.

உண்மைதான். தியாகராய நகரின் நல்லி 1928 என்று போட்டுக்கொள்வதும், போத்தீஸ் 1923 என்று போட்டுக்கொள்வதும் பொய்யன்று. அவை அவர்களுடைய சொந்த ஆண்டுகள். 1935-இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ், பட்டுப்புடவைகளோடு நெய்தவரின் பெயரும் படமும் அடங்கிய அட்டையை வைத்துக் கொடுத்தது. அதுவும் விளம்பரம்தான். ஆனால் அந்த அட்டையில் இருந்தவர் அந்தப் புடவையை நெய்தவர், அவர் உயிரோடிருக்கிறார், விற்பனையால் அவருக்குக் கூலி வரும். கைலி உள்ளிட்ட சில துணிவகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985-இல் நாடாளுமன்றம் சட்டமியற்றியது. அப்படியிருந்தும், கைத்தறித் தொழிலில் இருந்தோர் 1995-96 கணக்கெடுப்பில் 65 லட்சத்துக்கு மேல். 2009-10-இல் 43 லட்சம். 2019-20-இல் 35 லட்சமே. கைத்தறி மேல் காதல் பெருகுகிறது என்று விளம்பரங்கள் சொல்லும் அதே காலத்தில் தறிகள் அடங்கிக்கொண்டிருக்கின்றன. ஏக்கத்தின் விலை யாருக்குப் போகிறது என்பதுதான் கேள்வி.

இதையெல்லாம் எடுத்துரைத்து, கடைசியில் சொன்னேன்: "விசைத்தறியில் நெய்து பிழைப்பவரும் உழைப்பாளிதான்; அதை விற்பதில் வெட்கம் எதுவுமில்லை. அதை அப்படியே அட்டையில் எழுதுங்கள். சாயம் போகுமானால் அதையும் எழுதுங்கள். பிறகு படம் கேளுங்கள், தருகிறேன்."

அவர் சிரித்துவிட்டார். "அதைப் போட்டால் யார் வாங்குவார்கள், ஹஜ்ரத்?"

"அத்தா இருபத்தெட்டு வருடம் அதைச் சொல்லித்தான் விற்றார்கள்" என்றேன்.

அவர் சென்ற பிறகு எனக்குள் ஓர் ஐயம் எழுந்தது. நான் படத்தை மறுத்தது அத்தாவின் நாணயத்தைக் காப்பதற்காகவா? அல்லது, அன்று நடைமேடையில் முகம் திருப்பிய நான், இன்று அதே மூட்டை பலருடைய கையில் பெருமையாகச் சுற்றுவதைக் காணக் கூசினேனா? உள்ளத்தின் உள்புறத்தைத் திருப்பிப் பார்க்க வல்லவன் அல்லாஹ் ஒருவனே. இரண்டும் கலந்திருக்கும் என்றே எண்ணுகிறேன்.

பெருநாள் கழிந்து பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். மாணவர் மீண்டும் வந்தார். கையில் பெட்டியில்லை, சாதாரணத் தாளில் சுற்றிய இரண்டு கைலிகள். ஒன்றின் சீட்டில், "ஈரோட்டு விசைத்தறி. இரண்டு மீட்டர். முதல் சலவையில் சாயம் போகலாம், தனியே நனைக்கவும். பிடிக்காவிட்டால் ஏழு நாளில் திருப்பலாம்" என்றிருந்தது. விலையும் பாதிக்குக் கீழ். மற்றொன்று குறிஞ்சிப்பாடிக் கைத்தறி. சீட்டில் நெய்தவரின் பெயர் இருந்தது. அவரே போய் இருபது உருப்படி எடுத்து வந்தாராம்.

"எப்படிப் போயிற்று, தம்பி?" என்று கேட்டேன்.

"விற்றது குறைவுதான், ஹஜ்ரத். ஆனால் திரும்பி வந்தது ஒன்றுமில்லை."

படத்தை அவர் மறுபடி கேட்கவில்லை. கேட்டால் கொடுத்துவிடலாமென்றிருந்தேன், கேட்காததில் ஒரு நிம்மதியும் இருந்தது. அது சுவரிலேயே இருக்கிறது. அத்தா கடைசியாகக் கட்டிய கைலி ஒன்று என் பெட்டியில் உண்டு. இரவில் எப்போதாவது அதை எடுத்துக் கட்டிக்கொள்வேன். ஆழ்ந்த நீலமும் சிவப்புமாக இருந்த கட்டங்கள் இப்போது புகைபோல் மங்கிவிட்டன. அத்தா சொன்னபடியே சாயம் போயிருக்கிறது. இருபுறமும் ஒரே அளவில் போயிருக்கிறது.

அவர்களுடைய கப்ரை அல்லாஹ் விசாலமாக்குவானாக! வாங்குவோருக்கும் விற்போருக்கும் உள்ளதை உள்ளபடி சொல்லும் நாவை அருள்வானாக!